நிமிர்ந்து பார்த்த மலாக்கா

பிரிக்பீல்ட்ஸ்,
கோலாலம்பூர்.
4-11-1935, திங்கள் இரவு

அன்புள்ள அக்காவுக்குத் தங்கை சீதாலெட்சுமியின் நமஸ்காரம். அத்தானுக்கும் சொல்லவும்.

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதினால் அது பாதிப் பொய். அப்பா நலம். எனக்குத்தான் நலமில்லை. காய்ச்சல் ஒன்றுமில்லை, பயம்.

அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். விளக்குத் திரியை நன்றாக இறக்கி வைத்திருக்கிறேன். ரயில் போகும்போது நம் குவாட்டர்ஸ் முழுக்க அதிருமல்லவா, அந்தச் சத்தத்தில் மட்டும் காகிதத்தைத் திருப்புகிறேன். அப்பா பக்கத்து அறையில் படுத்திருக்கிறார். இருமல் கேட்டால் நான் தண்ணீர் குடிக்க வந்தவள்.

தம்புசாமி மாமா தினமும் மாலையில் வந்துவிடுகிறார். உனக்குத் தெரியும், அவர் அப்பாவோடு கூட்ஸ் ஷெட்டில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தாலும் அவருடைய உண்மையான வேலை கல்யாணம் பேசுவது. உன் கல்யாணத்தையும் அவர்தானே முடித்தார். நான் தேத்தண்ணீர் கொண்டுபோனால் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு மழையைப் பற்றிப் பேசுகிறார்கள். வெளியே வெயில் அடிக்கிறது, அக்கா! நேற்று கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். மாமா சொன்னார்: "பொண்ணு வளந்துட்டா. இன்னும் எத்தன நாளைக்கு இப்படியே ஓட்டுவே? தை பொறந்ததும் முடிச்சிருவோம்." அப்பா "ம்" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேள். அப்பா பத்து ரோட்டுக்குப் போய் எனக்குப் பட்டுப் பாவாடையும் தாவணியும் வாங்கி வந்திருக்கிறார். மயில் கழுத்து நிறம். தீபாவளிக்கே சீட்டித் துணி எடுத்தவர்! "மலாக்கா பாத்ததில்லையே நீ? ரொம்பப் பழைய ஊரு. கோட்டை, கோயில் எல்லாம் இருக்கு. ரயில்வே பாஸ் எடுத்திருக்கேன், பதினேழாந்தேதி போயிட்டு வருவோம்" என்கிறார். தம்புசாமி மாமாவும் கூட வருகிறாராம்.

உன்னைப் பத்துமலைக்கு அழைத்துப் போனதும் இப்படித்தானே? குகை பார்க்கலாம் என்றுதானே சொன்னார்கள்?

கான்வென்டில் சிஸ்டர் என்னிடம், ஜனவரியில் ஏழாம் ஸ்டாண்டர்டுக்கு வருவாயா, அப்பாவிடம் கேட்டு வா என்றார். கேட்டேன். "மலாக்கா போயிட்டு வந்து பேசிக்கலாம்" என்றார். அக்கா, நான் வகுப்பில் இரண்டாவது. என்னை நிறுத்திவிடுவார்கள். எனக்குப் பதின்மூன்று வயது.

அம்மா இல்லாத வீட்டில் யாரிடம் சொல்ல? சாமி மாடத்தில் அம்மாவின் குங்குமச் சிமிழ் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். நீ அதைக் கொண்டுபோன பிறகு அந்த இடத்தில் அப்பா எதையும் வைக்க விடவில்லை.

பதிலைப் பக்கத்து வீட்டு வீரம்மா அக்கா விலாசத்துக்குப் போடு. அவர் யாரிடமும் சொல்ல மாட்டார். சொன்னால் அவர் நம் பப்பாளி மரத்தில் காய் பறிப்பதை நான் சொல்லிவிடுவேன் என்று தெரியும்.

உன் பயந்த தங்கை,
சீதா

---

மேரு,
கிள்ளான்.
9-11-1935

என் செல்லச் சீதாவுக்கு,

உன் கடிதம் வந்தது. எழுத்து கோணல் மாணலாக இருக்கிறது. விளக்கைக் கொஞ்சம் பெரிதாக வைத்துக்கொள், கண் கெட்டுவிடும்.

நாங்கள் இருக்கிறோம். இங்கே விடாத மழை. மழை நாளில் ரப்பர் மரத்தில் பால் வெட்டு இல்லை, அதனால் தோட்டத்து லய வீடுகளில் எல்லோருக்கும் சண்டை போட நேரம் கிடைக்கிறது. உன் அத்தான் தோட்ட ஆஸ்பத்திரியில் உடைந்த மண்டைகளுக்குக் கட்டுப் போடுகிறார். எனக்கு ரப்பர் பால் வாடை இப்போதெல்லாம் குடலைப் பிடுங்குகிறது. அது கிடக்கட்டும்.

நீ நினைப்பது சரியாகத்தான் இருக்கும் என்று எனக்கும் படுகிறது. உனக்குப் பொய்யாக ஆறுதல் சொல்ல மாட்டேன். பத்துமலைக்குப் போன அன்று எனக்கு உன்னைவிட ஒரு வயதுதான் அதிகம். குனிந்த தலை நிமிராதே என்று தம்புசாமி மாமாவின் மனைவி சொல்லி அனுப்பினாள். நானும் நிமிரவில்லை. அவ்வளவு பெரிய குகையைப் பற்றி யாராவது கேட்டால் என் கால் விரல்கள் எப்படி இருந்தன என்றுதான் சொல்ல முடியும். உன் அத்தான் நாகையா அங்கேதான் எங்கோ நின்றிருக்கிறார். மணவறையில்தான் அவர் முகத்தைப் பார்த்தேன். நல்ல மனிதராக அமைந்தது என் அதிர்ஷ்டம். இன்றைக்கும், "பத்துமலையில நான் உன்னப் பாத்தேன், நீ ஒரு எறும்பப் பாத்துக்கிட்டிருந்தே" என்று கேலி செய்வார்.

நீ அப்படிச் செய்யாதே. வயிற்று வலி என்று படுத்துக்கொள்ளாதே, ஓடி ஒளியாதே. போ. தலையை நிமிர்த்திக்கொண்டு போ. அந்த ஊரில் இருப்பதையெல்லாம் பார். உன்னை யாராவது பார்த்தால் நீயும் அவர்களைப் பார். கேள்வி கேட்டால் முழு வாக்கியமாகப் பதில் சொல். பிறகு ஒன்றுவிடாமல் எனக்கு எழுது, யார் வந்தார்கள், என்ன உடுத்தியிருந்தார்கள், என்ன வாங்கினார்கள், எல்லாம். நடந்தது தெரிந்தால்தான் நான் ஏதாவது செய்ய முடியும். தேவைப்பட்டால் அத்தானைக் கூட்டிக்கொண்டு வந்து அப்பா முன்னால் நிற்பேன். நான்காம் ஸ்டாண்டர்டோடு என்னை நிறுத்தியபோது எனக்காக வந்து நிற்க ஆளில்லை.

பட்டுப் பாவாடையில் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள். என்ன ஆனாலும் பட்டு பட்டுதான்.

உன் அக்கா,
புஷ்பவல்லி

---

பிரிக்பீல்ட்ஸ்.
19-11-1935, செவ்வாய் இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

போய் வந்துவிட்டோம். நிமிர்ந்தே இருந்தேன். கழுத்து வலிக்கிறது.

ஞாயிறு விடியுமுன் கிளம்பி, தம்பினில் வேறு வண்டி மாறி, மலாக்கா ஸ்டேஷனில் இறங்கியபோது வெயில் ஏறிவிட்டது. அங்கே இரண்டு பேர் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். ஒருவர் வாசு. போஸ்ட் ஆபீஸில் வேலை, முப்பது வயதாவது இருக்கும், முன்பற்களுக்கு நடுவே சந்து, கையில் குடை. இன்னொருவர் அவருடைய அக்கா, இராஜம்மா. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். நீலக்கரை போட்ட வெள்ளைப் புடவை. நெற்றியில் பொட்டு இல்லை. நம் கான்வென்ட் டீச்சர்களைப் போல கிறிஸ்துவ வேதக்காரர் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"தற்செயலா சந்திச்சோம் பாத்தியா!" என்றார் தம்புசாமி மாமா. தற்செயலாகச் சந்தித்தவர்கள் ஏழு பேருக்குப் போதுமான எலுமிச்சம் சாதம் கட்டிக்கொண்டு வருவார்களா?

நீ சொன்னதை நினைத்துக்கொண்டு அந்த வாசுவை நேராகப் பார்த்தேன். அவர் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

முதலில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினோம். அக்கரையில் செக்கச் செவேலென்று ஒரு கட்டடம், அரைத்த செங்கல்லை அள்ளிப் பூசியது போல. டச்சுக்காரர்கள் கவர்னருக்குக் கட்டியதாம். பக்கத்திலேயே அதே சிவப்பில் ஒரு சர்ச், மணிக்கூண்டு. சுவர் ஒவ்வொன்றும் நம் அடுப்படி அகலம். பிறகு கோட்டை. கோட்டை என்றால் கோட்டை இல்லை, ஒரு வாசல் மட்டும் கருகிப்போய் நிற்கிறது. உள்ளே புகுந்தால் மறுபக்கம் புல்தான். தம்புசாமி மாமா சரித்திரம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"கட்டுனது போர்த்துகீசுக்காரன். இடிச்சது வெள்ளக்காரன். இந்த வாசல மட்டும் ஏன் இடிக்காம விட்டான், சொல்லு பாப்போம்?"

"ஏன் மாமா?"

"இடிச்சவன் வெளிய போவ வழி வேணும்லா!"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அப்பா சத்தம் போட்டுச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று! அந்த டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு வெளியே போக வழி எது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

குன்றின் மேல் ஏறினோம். உச்சியில் கூரை இல்லாத ஒரு பழைய சர்ச். மழையும் வெயிலும் நேராக உள்ளே விழுகின்றன. ஆள் உயரக் கல்லறைக் கற்களைச் சுவரோடு சாய்த்து நிறுத்தியிருக்கிறார்கள். சிலவற்றில் மண்டை ஓடு செதுக்கியிருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் கடல் தெரிகிறது, அக்கா. மீன்பிடிப் படகுகள் எறும்பு போலத் தெரிந்தன. நீ சொன்ன எறும்பு ஞாபகம் வந்தது.

டீச்சர் என் பக்கத்திலேயே நடந்தார். ஒரே கேள்வி மேல் கேள்வி. என்ன படிக்கிறாய்? கணக்கு வருமா? சோறு நீயே வடிக்கிறாயா? காலையில் தலை யார் பின்னிவிடுவது? நானே பின்னிக்கொள்கிறேன் என்றேன். என் பின்னலைப் பார்த்தார். "பின்னாடி கோணலா இருக்கும்மா" என்றார். இருட்டில் தனியாகப் படுக்கப் பயமா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் முழு வாக்கியத்தில் பதில் சொன்னேன். மாப்பிள்ளையின் அக்கா அல்லவா, வேறு யார் இப்படிக் குடைவார்கள்?

இறங்கும் வழியில் ஒரு சின்ன இடுகாடு. அங்கே ஒரு கல்லில் ஆங்கிலம் இருந்தது. "நீ வாசிக்கிறியா?" என்றார் டீச்சர். வாசித்தேன். ஒரு கப்பல் மாலுமியின் மனைவி, வயது பத்தொன்பது, கூடவே பெயர் வைக்காத அவள் குழந்தையும். தமிழில் எல்லோருக்கும் சொன்னேன். சொல்லும்போதுதான் அது உன் வயது என்று தோன்றி, கல்லை விட்டுப் பின்வாங்கினேன். டீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அப்பா வேறு பக்கம் திரும்பிக் கண்ணாடியைத் துடைத்தார்.

மதியத்துக்குப் பிறகு பிள்ளையார் கோயில். அங்கே சாமி கும்பிட்டவர்களைப் பார்த்து நின்றுவிட்டேன். நெற்றியில் விபூதி, உடம்பில் கைலியும் கெபாயாச் சட்டையும், வாயில் மலாய்! மலாக்காச் செட்டிகளாம். நம்மவர்கள் வந்து பல நூறு வருஷமாகிப் பேச்சு மாறிவிட்டது, சாமி மாறவில்லை என்றார் டீச்சர். அவரும் கண்ணை மூடி ரொம்ப நேரம் கும்பிட்டார். ஆக, வேதக்காரர் இல்லை. ஐயர் தட்டை நீட்டியபோது அவர் விபூதி மட்டும் எடுத்துக்கொண்டார். பூவும் எடுக்கவில்லை. பாவமாக இருந்தது. என் தலையில் இருந்த மல்லிகைச் சரத்தில் பாதியைக் கிள்ளி, "இந்தாங்க டீச்சர்" என்று கொடுத்தேன். எல்லோரும் சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவர் தலையில் வைக்கவில்லை. கையிலேயே வைத்திருந்தார். ராத்திரி எங்களை வண்டி ஏற்ற வந்தபோதும், வாடிப்போன அந்தப் பூ அவர் கையில் இருந்தது.

வாசு பாசார்க் கடைத்தெருவில் ஒரு கிலுகிலுப்பையும் சின்னச் செருப்பும் வாங்கினார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

திரும்பும்போது நான் தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டேன். மாமா கேட்டார்: "என்னப்பா, தை மாசம் வச்சுக்குவோமா?" அப்பா சொன்னார்: "புள்ளைக்குப் புடிச்சிருக்கான்னு தெரியலியே. எப்படிக் கேக்குறது?" மாமா: "கேக்காட்டி என்ன? பழகுனா சரியாப் போயிடும்லா."

பழகினால் சரியாகப் போய்விடுமாம்! அக்கா, முடிந்துவிட்டது. அத்தானைக் கூட்டிக்கொண்டு உடனே வா.

அழுதுகொண்டே,
சீதா

---

மேரு.
24-11-1935

சீதாவுக்கு,

கண்ணைத் துடை. உன்னை யாரும் பெண் பார்க்கவில்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். அப்புறம் சோறு வடிக்கும்போது கையில் கரண்டியோடு நின்றுவிட்டேன். வாசு கிலுகிலுப்பை வாங்கினார் என்று எழுதியிருக்கிறாய். கல்யாணத்துக்கு முன்பே கிலுகிலுப்பை வாங்குகிற மாப்பிள்ளையை நான் கேள்விப்பட்டதில்லை. அவருக்கு வீட்டில் பெண்டாட்டி பிள்ளை இருக்க வேண்டும்.

அந்த டீச்சர் விஷயத்துக்கு வருகிறேன். பொட்டு இல்லை, குங்குமம் எடுக்கவில்லை, பூ வைக்கவில்லை. சாமி கும்பிடுகிறவர். அவர் புருஷனை இழந்தவர், சீதா. பெண் பார்க்கிற காரியத்தில் அப்படிப்பட்டவரை முன்னால் நிறுத்தி, கேள்வி கேட்கவிட்டு, பக்கத்தில் நடத்திக்கொண்டு போவார்களா? நம் ஜனங்கள் வாசலில்கூட எதிரே வரவிட மாட்டார்கள். அது நியாயமில்லை, ஆனால் அதுதான் நடப்பு. மாப்பிள்ளை வீட்டார் யாரும் அந்தத் தப்பைச் செய்யமாட்டார்கள்.

அன்றைக்குப் பார்த்தது உன்னை அல்ல. அப்பாவுக்குத்தான் அந்த அம்மாவைப் பார்த்திருக்கிறார்கள். தம்புசாமி மாமாவும் இப்போதெல்லாம் விதவை மறுமணம் பேசுகிற சீர்திருத்தச் சங்கக் கூட்டங்களுக்குப் போகிறார் என்று அத்தான் சொல்கிறார். "புள்ளைக்குப் புடிச்சிருக்கா" என்று அப்பா கேட்டது அந்த அம்மாவை உனக்குப் பிடித்திருக்கிறதா என்று. நீ பாட்டுக்கு அவர் கையில் மல்லிகையைக் கொடுத்திருக்கிறாய். அவர்கள் ஏன் பேச்சை நிறுத்தினார்கள் என்று இப்போது புரிகிறதா?

பள்ளிக்கூட விஷயத்தை நீயே அப்பாவிடம் நேராகக் கேள்.

இனி என்னைப் பற்றி. உனக்குச் சந்தோஷமான செய்தியைச் சொல்லிவிட்டேன், ஆனால் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அம்மா போனபோது வீட்டில் வளர்ந்த பெண் நான். பெண் துணை இல்லாத வீடு என்று சொல்லி என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். உனக்கு அதே வயது வந்ததும் வீட்டுக்குத் துணை தேடுகிறார். எனக்கு இதை ஏன் அவர் யோசிக்கவில்லை? நீ நன்றாகப் படி, உன்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்தக் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடாதே. கொஞ்ச நாளைக்குக் கடிதமும் எதிர்பார்க்காதே.

அந்தக் கல்லைப் பற்றி எழுதியிருந்தாயே, அந்த இடத்தை மட்டும் நான் மறுபடி படிக்கவில்லை.

புஷ்பவல்லி

---

பிரிக்பீல்ட்ஸ்.
2-12-1935, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் எதிர்பார்க்காதே என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீ சொன்னதுதான் உண்மை. அப்பா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். "என்னக் கட்டிக்குடுக்கப் போறீங்களாப்பா?"

"ஒன்னயா? ஒனக்கு என்ன வயசு?" என்று பதறிப்போனார்.

"அப்போ அக்காவுக்கு என்ன வயசுப்பா?"

அப்பா வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருந்தார். தோல் போய், சதையும் போய், கையில் ஒன்றும் இல்லாமல் ஆகும்வரை உரித்தார்.

பிறகு பள்ளிக்கூடத்தைக் கேட்டேன். அந்த அம்மா வர ஒப்புக்கொண்டால் நான் வீட்டிலிருந்து படிக்கலாம், இல்லையென்றால் என்னைக் கான்வென்ட் விடுதியில் விட வேண்டியிருக்கும், அதனால்தான் மலாக்கா போய் வந்து பேசலாம் என்றாராம். எப்படி இருந்தாலும் படிப்பை நிறுத்துவதாக இல்லையாம். "இதச் சொல்றதுக்கென்னப்பா?" என்றேன். "பொண்ணுகிட்ட இதப் போயி எப்படிம்மா சொல்றது?" என்று தரையைப் பார்த்தார். பத்துமலையில் நீயும் இப்படித்தான் நின்றிருப்பாய்.

எனக்கு அந்த டீச்சரைப் பிடித்திருக்கிறது. உனக்குத் துரோகம் செய்வது போலவும் இருக்கிறது. இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அக்காவுக்கு எழுதுங்கள் என்றேன். பெரியவள் சம்மதிக்காமல் ஒன்றும் நடக்காது என்று மாமாவிடம் சொல்லிவிட்டாராம். ஆனால் உனக்கு எழுத அவருக்குப் பயம். என்னிடமே காகிதம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். சோறு ஆறிப்போகும்வரை உட்கார்ந்திருந்தார். எழுந்து போன பிறகு பார்த்தேன். நாலு நாளாகக் காகிதம் கடிகாரத்துக்குக் கீழே அப்படியே கிடக்கிறது. அதை எடுத்து இதனுள் வைத்திருக்கிறேன். திருட்டுத்தான். ஆனால் அது உனக்கு எழுதியது, உன்னிடம் இருக்கட்டும்.

உன் பதிலுக்காக வீரம்மா அக்கா வீட்டு வாசலைத் தினமும் பார்ப்பேன்.

சீதா

---

மேரு,
கிள்ளான்.
20-12-1935

அன்புள்ள அப்பாவுக்கு மகள் புஷ்பவல்லி எழுதிக்கொள்வது.

உங்கள் கடிதம் கிடைத்தது. "அன்பு மகள் புஷ்பவல்லிக்கு" என்று ஒரு வரிதான் இருந்தது. மீதியை நானே நிரப்பிக்கொண்டேன். சில நாள் உங்களைத் திட்டி நிரப்பினேன், சில நாள் வேறு மாதிரி. இரண்டு வாரமாக இதுவே வேலையாக இருந்ததால் பதில் தாமதமாகிவிட்டது.

என் கோபம் முழுக்கப் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். நேரில் வந்து கொஞ்சம் சண்டை போடுவேன். நீங்கள் வெங்காயத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடக் கூடாது.

இன்னொரு செய்தியும் இருக்கிறது. ஆனி மாதத்தில் நீங்கள் தாத்தா ஆகிறீர்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போக வேண்டும் என்று லயத்தில் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்குத் தாய் வீடு இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லும்போதெல்லாம் பயமாக இருந்தது. இப்போது நீங்கள் அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள். வயிற்றுப் பிள்ளையோடு வருகிறவளைப் பார்த்துக்கொள்வாரா? அவர் சம்மதித்தால் எனக்கும் சம்மதம்.

பொங்கலுக்கு முன்னால் நானும் அவரும் வருகிறோம். அம்மாவின் குங்குமச் சிமிழைக் கொண்டுவருகிறேன். கல்யாணம் முடிந்ததும் அதை மாடத்தில் பழைய இடத்திலேயே வையுங்கள். அந்த அம்மா தினமும் எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.

சீதா, உனக்குத் தனியாக எழுதவில்லை. இந்தக் கடிதத்தை வீரம்மா அக்கா விலாசத்துக்குப் போடாமல் நம் வீட்டு விலாசத்துக்கே போட்டிருக்கிறேன். விளக்கைப் பெரிதாக்கி, அப்பா காதில் விழும்படி சத்தமாகப் படி. பின்னலை இனி டீச்சரிடம் கொடுத்துவிடு.

குழந்தை பிறந்து அதற்குத் தலை நிற்கட்டும். பிறகு எல்லோருமாக மலாக்கா போவோம். குன்றின் மேலே நின்று அந்தக் கடலை நான் பார்க்க வேண்டும். கீழே இருக்கிற அந்தக் கல்லையும் பார்க்கிறேன், இப்போது பயமில்லை. கல்யாணமான பெண்ணுக்கு ரயில்வே பாஸ் கிடையாதாமே. பரவாயில்லை, எனக்கு அப்பா டிக்கெட் வாங்கட்டும்.

உங்கள் மகள்,
புஷ்பவல்லி